நூலகத் தளத்தில் முன்பதிவைப் பாதியில் விட்டுப் போகிறார்கள்: எதைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது?

கயல்

வணக்கம். ஒரு பொது நூலகத்தின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். டிசைன், கோடிங், புகார்களுக்குப் பதில் எழுதுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் இரண்டே பேர். தளத்தில் முக்கியமாக நடப்பவை மூன்று: புத்தகம் தேடுவது, வேறொருவர் எடுத்துப் போயிருக்கும் புத்தகத்தை முன்பதிவு செய்வது, கையில் இருப்பதைப் புதுப்பிப்பது.

தேடலும் புதுப்பித்தலும் ஓரளவு நன்றாகவே போகின்றன. முன்பதிவுதான் உதைக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பது பேர் அதன் முதல் பக்கத்துக்கு வருகிறார்கள், பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள். மொத்தம் நான்கு படிகள். உறுப்பினர் எண் கொடுக்க வேண்டும், எந்தக் கிளையில் வாங்கிக்கொள்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு எல்லாவற்றையும் தொகுத்துக் காட்டும் பக்கம், அதில் ஒரு கிளிக் செய்தால் 'முன்பதிவு ஆகிவிட்டது' என்ற பக்கம். முதல் படியில் கொஞ்சம் பேர் கழன்றுகொள்வது எனக்குப் புரிகிறது. மூன்றாவது பக்கத்தில், ஒரே ஒரு கிளிக் பாக்கி இருக்கும்போது, இத்தனை பேர் ஏன் போய்விடுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

போன மாதம் தளத்திலேயே ஒரு சர்வே வைத்தோம். 'முன்பதிவு செய்வது எளிதாக இருக்கிறதா?' என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் 'எளிது', 'மிக எளிது' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்த மேலதிகாரி, அப்படியானால் குறை தோற்றத்தில்தான், நிறம், எழுத்து, முகப்பு எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாம் என்கிறார். கூட வேலை செய்பவர் நான்கு படிகளையும் ஒரே பக்கத்துக்குள் அடக்கிவிடலாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. வருகிறவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள், தளத்தைச் சிரமப்பட்டுப் பழகி வைத்திருப்பவர்கள். காரணம் தெரியாமல் கை வைத்தால் இப்போது ஒழுங்காக முடிக்கிறவர்களும் தடுமாறிப்போவார்கள் என்று பயமாக இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது வரை எனக்குத் தெரிகிறது. எத்தனை பேரை வைத்துப் பார்ப்பது? அவர்களிடம் என்ன கேட்பது? பெரிய நிறுவனங்கள் செய்கிற மாதிரி இரண்டு வடிவங்களை ஓடவிட்டு எது ஜெயிக்கிறது என்று பார்க்க எங்கள் அளவுக்கு வருகை போதுமா? தனியாக ஒரு நிறுவனத்தை அமர்த்தப் பணம் கிடையாது.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. 'முன்பதிவு செய்திருந்தேன், நேரில் வந்தால் என் பெயரே இல்லை என்கிறார்கள்' என்று அவ்வப்போது போன் வருகிறது. பதிவில் தேடினால் அவர்கள் பெயரில் முன்பதிவு எதுவும் இருக்காது. மறந்திருப்பார்கள் என்று வரவேற்பு மேசையில் விட்டுவிடுகிறார்கள்.

மாறன்

கயல், கடைசிப் பத்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் போன்கள்தான் உங்களிடம் இருப்பதிலேயே மதிப்புள்ள தகவல். வேலை மெனக்கெட்டு நூலகம் வரை வந்து, பிறகு போனும் செய்கிற ஒருவர் மறதியில் பேசுகிறார் என்று நான் நம்ப மாட்டேன். இன்றே மேசையில் சொல்லி வையுங்கள்: இப்படி யாராவது பேசினால், 'கடைசியாகத் திரையில் என்ன பார்த்தீர்கள்?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

சர்வே ஏன் கைவிட்டது என்று பார்ப்போம். நடுவில் வெறுத்துப்போய் மூடிவிட்டவர் சர்வேக்குப் பதில் எழுத உட்கார மாட்டார். தான் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனவரோ 'எளிது' என்றுதான் போடுவார், அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. கேள்வியிலேயே 'எளிதாக' என்ற சொல் இருப்பதால் பதிலும் அந்தப் பக்கமே சாய்கிறது. இதற்கெல்லாம் மேல், தாங்கள் செய்ததற்குக் காரணம் என்ன என்று மனிதர்களைக் கேட்டால், தெரியாத காரணத்தைக்கூட மனமாரச் சொல்வார்கள். நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் எழுதியது இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. அச்சு அசலாக ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானது எது என்று கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததைத்தான் மிக அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, மென்மை என்று காரணம் வந்ததே தவிர, இருந்த இடத்தை ஒருவர்கூடத் தானாகச் சொல்லவில்லை. அதனால்தான் அபிப்பிராயம் கேட்பதை விட்டுவிட்டு, செய்யச் சொல்லிப் பார்க்கிறோம்.

செய்யச் சொல்வதிலும் ஒரு பக்குவம் வேண்டும். 'முன்பதிவு பட்டனை அழுத்தி, கிளையைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் சோதனை இல்லை, நீங்களே வழிகாட்டி அழைத்துப் போகிறீர்கள். திரையில் இருக்கும் சொற்கள் எதுவும் பணிக் குறிப்பில் வரக் கூடாது. 'இந்த நாவலை வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார். அவர் திருப்பிக் கொடுத்ததும் அது உங்களுக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். உங்களுக்கு வசதியான இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.' இவ்வளவு போதும். புத்தகத்தை அவர்களையே சொல்லவிட்டால் இன்னும் நல்லது, நிஜமாகவே படிக்க விரும்பும் புத்தகத்துக்கு ஒருவர் காட்டும் அக்கறையே வேறு. சோதனைக்காகப் போட்ட முன்பதிவு வேண்டாம் என்றால் அன்றே ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் இருக்கும் நிஜ வாசகர் பாதிக்கப்படுவார்.

அவர்கள் செய்யும்போது, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். எரிக்சன், சைமன் இருவரும் 1980களில் இந்த முறையை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நமக்கு வேண்டியது இதுதான்: மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்லலாம், அதற்கு விளக்கம் கேட்கக் கூடாது. 'ஏன் அதை அழுத்தினீர்கள்?' என்று நடுவில் கேட்டால் அவர் யோசித்து ஒரு காரணம் தயாரிப்பார், அதற்கப்புறம் அவர் நடந்துகொள்கிற விதமே மாறிவிடும். பேச்சு நின்றுபோனால் 'இப்போது என்ன யோசிக்கிறீர்கள்?' என்று மெதுவாகக் கேட்டால் போதும்.

கஷ்டமான கட்டம் அவர் திணறும்போது வரும். ஒருவர் இப்படித் திரும்பி உங்களைப் பார்ப்பார்:

'இதை அழுத்தணுமா?'

'நான் இங்கே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?'

'அழுத்திப் பார்ப்பேன்.'

'அப்படியே செய்யுங்கள்.'

அவ்வளவுதான் நீங்கள் பேச வேண்டியது. தளத்தைக் கட்டியவருக்கு இந்த நேரத்தில் கை துறுதுறுவென்று இருக்கும், 'மேலே பாருங்கள், மேலே' என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லிவிட்டால் அந்த இடத்தில் கிடைக்க வேண்டிய பாடம் போய்விடும். எத்தனை நேரம் தவிக்கவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் 'வீட்டில் இருந்தால் இந்நேரம் மூடியிருப்பேன்' என்கிற கட்டத்தில் நிறுத்திவிட்டு அடுத்த பணிக்குப் போவது என் வழக்கம். தொடங்கும்போதே 'சோதிப்பது தளத்தை, உங்களை இல்லை. எங்கே தடுமாறினாலும் அது எங்களுக்கு உதவி' என்று சொல்லுங்கள், நடுவில் ஒருமுறை மறுபடியும் சொல்லுங்கள். வயதானவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். அப்படி ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எத்தனை பேர்? முதல் சுற்றுக்கு ஐந்து பேர். இந்த ஐந்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நீல்சனும் லாண்டவரும் 1993இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வந்தது. அப்படியானால் ஐந்து பேரிடம் குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆனால் அது சராசரி. பத்துப் பேரில் ஒருவரை மட்டும் பாதிக்கிற குறையை எடுத்துக்கொண்டால், ஐந்து பேரில் யாரிடமாவது அது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். ஃபாக்னர் என்பவர் 2003இல் 60 பேரை வைத்துச் சோதித்து, அந்தத் தரவிலிருந்து ஐந்தைந்து பேராகப் பலமுறை எடுத்துப் பார்த்தார். சராசரி 85 சதவீதம் வந்தது, ஆனால் சில ஐவர் குழுக்களில் 55 சதவீதம்தான் சிக்கியது. ஆகவே ஐந்து பேரைப் பார்த்துவிட்டோம், தளம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து பேர், திருத்தம், வேறு ஐந்து பேர், மறுபடி திருத்தம் என்று போக வேண்டும். பதினைந்து பேரை ஒரேயடியாகப் பார்ப்பதைவிட இது நல்லது, இரண்டாவது சுற்றில் நீங்கள் செய்த திருத்தமும் சேர்ந்து சோதனைக்கு வருகிறதே.

ஆட்களுக்கு அலைய வேண்டாம், நூலகத்துக்கு வருகிறவர்கள்தான் உங்கள் ஆட்கள். ஊழியர்களையும் அவர்கள் வீட்டாரையும் தவிர்த்துவிடுங்கள். இணையத்தில் முன்பதிவே செய்யாமல் எப்போதும் மேசைக்கு வந்து சொல்கிறவர் ஒருவராவது இருக்கட்டும். அவரவர் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். பெரிதாக்கிய எழுத்து, கீறல் விழுந்த திரை, மெதுவான இணைப்பு எல்லாம் சோதனைக்குள் வரட்டும். ரெக்கார்டிங் செய்வதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், திரையும் குரலும் போதும், முகம் தேவையில்லை.

செந்தில்

மாறன் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு, ஐந்து பேர் என்பதில் மட்டும் கொஞ்சம் இழுப்பு. ஸ்பூலும் ஷ்ரோடரும் 2001இல், பொருள் விற்கும் தளங்களில் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைத் தேடி வாங்கும்படி சோதித்தார்கள். முதல் ஐந்து பேரிடம் 35 சதவீதக் குறைகள்தான் தெரிந்தன. பணி எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு அதிகம் பேர் தேவை. கயல் கேட்பது நான்கு படி கொண்ட ஒரே வேலை என்பதால் ஐந்தில் தொடங்கலாம். இதே கணக்கைத் தேடல் பக்கத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.

நான் எண்கள் பக்கம் வேலை செய்கிறவன், அதனால் அதைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு வடிவங்களை ஓடவிடுகிற ஏ/பி டெஸ்ட் உங்களுக்கு இப்போது வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்கள். இப்போது 50 சதவீதம் பேர் முடிக்கிறார்கள், புது வடிவத்தில் அது 55 ஆகிறதா என்று நம்பகமாகச் சொல்ல ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 1,600 பேர் வேண்டும். மொத்தம் 3,200. நாளைக்கு நாற்பது பேர் என்றால் எண்பது நாள். 50லிருந்து 60க்குத் தாவும் என்றால் ஒவ்வொரு வடிவத்துக்கும் 400 பேர், இருபது நாளில் முடியும். மாற்றம் பெரிதாக இருந்தால் மட்டும்தான் சின்னத் தளத்தில் ஏ/பி எடுபடும். தினமும் எட்டிப் பார்த்து, முன்னிலை தெரிந்த அன்றே நிறுத்திவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு, அப்படி நிறுத்தினால் கிடைக்கும் வெற்றிகளில் பல தற்செயலாக வந்தவையாக இருக்கும். எத்தனை பேர் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு அதுவரை பொறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஏ/பி டெஸ்ட் எது மேல் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த ஏன்.

அதற்குப் பதில் இருக்கும் பதிவுகளைத் தோண்டுங்கள். மூன்றாவது பக்கத்தில் நின்றுபோனவர்கள் போனில் வந்தவர்களா, கம்ப்யூட்டரில் வந்தவர்களா என்று பிரியுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறை பெரும்பாலும் திரை அளவோடு சேர்ந்தது. எவ்வளவு நேரம் இருந்துவிட்டுப் போனார்கள் என்று பாருங்கள். தயங்குகிறவர் முன்னும் பின்னும் போய் வருவார், வேலை முடிந்ததாக நினைப்பவர் ஒருமுறை படித்துவிட்டு அமைதியாக வெளியேறுவார். போனவர்கள் கீழே எதுவரை ஸ்க்ரோல் செய்தார்கள் என்பதும் முக்கியம், அந்தக் கடைசி பட்டன் அவர்கள் கண்ணில் பட்டதா என்றே நமக்குத் தெரியாதே. முதல் படியில் விழும் பிழைச் செய்திகளையும் எண்ணுங்கள், எந்தச் செய்தி எத்தனை முறை என்று. வேலிடேஷன் பிழைகளை, அதாவது கொடுத்த தகவலைத் தளம் ஏற்காத தடவைகளை, பதிவு செய்யாமல் விடுகிற தளங்கள்தான் அதிகம், அரை நாள் வேலை அது.

ஒரு எச்சரிக்கை. தளத்தில் ஒருவர் செய்வதையெல்லாம் பதிவு செய்யும் செஷன் ரெக்கார்டிங் கருவி போடுவதாக இருந்தால் உறுப்பினர் எண், போன் எண், புத்தகத் தலைப்பு மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது நூலகம் காக்க வேண்டிய விஷயம்.

இசை

நான் பார்வையற்றவன், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரில்தான் எல்லாத் தளங்களையும் பயன்படுத்துகிறேன். உங்கள் ஐந்து பேரில் என்னைப் போல ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். கிடைக்கவில்லை என்றால் நீங்களே என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பாருங்கள், இலவசம். ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் கூடவே வருகின்றன. திரையை அணைத்துவிட்டு ஒரு முன்பதிவை முடித்துப் பாருங்கள். அது எங்கள் அனுபவத்துக்கு ஈடாகாது, ஆனால் எங்கே கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எனக்கு அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். ஃபார்மில் ஏதோ தவறு. திரையில் சிவப்பு எழுத்தில் காரணம் வந்திருக்கும். எனக்கு எந்தச் சத்தமும் கேட்காது. நான் பட்டனை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்துகிறேன். இணைப்பு போய்விட்டதோ என்று பக்கத்தைப் புதுப்பிக்கிறேன், அதுவரை கொடுத்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. உங்கள் கணக்கில் நானும் 'பாதியில் போனவர்' என்றுதான் விழுவேன். பிழைச் செய்தி ஸ்க்ரீன் ரீடருக்கு அறிவிக்கப்படுகிறதா, எந்தக் கட்டத்தில் பிழை என்று சொல்கிறதா, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறைகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் உங்கள் பக்கத்துக்குப் பொருந்துபவை சில உண்டு. அழுத்த வேண்டியவை குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பதோடு போதிய இடைவெளி வேண்டும். ஒரே வேலைக்குள் முன்பே கொடுத்த தகவலை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது. முந்தைய பதிப்புகளிலிருந்தே இருப்பவை: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1 வேண்டும், நிறத்தை மட்டும் வைத்து எதையும் உணர்த்தக் கூடாது, நேரம் முடிந்து வெளியேற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்து நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும். தானியங்கிச் சோதனைக் கருவிகள் இவற்றில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். பச்சை மதிப்பெண் வந்துவிட்டது என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

கயல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் சுற்றை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

செந்தில் சொன்னபடி பதிவுகளைப் பிரித்ததும் மூன்றாவது பக்கத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் போனில் வந்தவர்கள் என்று தெரிந்தது. வந்தார்கள், கொஞ்ச நேரம் இருந்தார்கள், போய்விட்டார்கள், பின்னால் போன தடயம் இல்லை. ஆனாலும் கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வாரம் தவறாமல் வருகிறவர். தன் போனில் செய்தார். உறுப்பினர் அட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணை அட்டையில் இருக்கிறபடியே, நடுவில் இருக்கும் கோட்டையும் சேர்த்து அடித்தார். 'தவறான உறுப்பினர் எண்' என்று வந்தது. அட்டையை மறுபடி பார்த்தார். ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி அடித்தார், கோட்டோடுதான். மறுபடியும் தவறு. 'என் அட்டை காலாவதி ஆகிவிட்டதோ' என்றார். மாறன் ஐயா சொன்னது நினைவிருந்ததால் பேசாமல் இருந்தேன், எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில் கோடில்லாமல் அடித்துப் பார்த்தார், உள்ளே போனது.

கிளையைச் சிரமமில்லாமல் தேர்ந்தெடுத்தார். மூன்றாவது பக்கம் வந்தது. மேலே 'உங்கள் முன்பதிவு' என்று தலைப்பு, கீழே புத்தகம், கிளை, உறுப்பினர் பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை நிற டிக். பெயரை விரலால் தொட்டுப் படித்தார். 'சரி, ஆகிவிட்டது' என்று சொல்லிப் போனைக் கைப்பையில் வைத்துவிட்டார். 'இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டேன். 'புத்தகம் வந்ததும் மெசேஜ் அனுப்புவீர்கள்' என்றார்.

உறுதி செய்யும் பட்டன் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. விவரங்களுக்குக் கீழே நூலக நேரமும் கடன் விதிகளும் நீளமாக வருகின்றன, பட்டன் அதற்கும் கீழே. கம்ப்யூட்டரில் விதிகள் வலது ஓரத்துக்குப் போய்விடுவதால் பட்டன் கண்ணில் படுகிறது. போனில் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் அதைப் பார்க்கவே இல்லை. மேசையில் குறித்து வைத்த போன் அழைப்புகளிலும் இதேதான்: 'பச்சை டிக் வந்ததே, மேடம்.'

இசை, உங்கள் குறிப்புப்படி டாக்பேக் போட்டுப் பார்த்தேன். பிழைச் செய்தி வாசிக்கப்படவே இல்லை. டிக் படத்தை 'முடிந்தது' என்று வாசிக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஊகமாக இருந்தது உங்களுக்குச் சொல்லாகவே வந்துவிடுகிறது. இதைத் திருத்தியதும் உங்களிடம் சோதிக்கக் கேட்கலாமா?

மேலதிகாரியிடம் சொன்னேன். 'ஐந்து பேரை வைத்து ஒரு முடிவா, எண் எங்கே?' என்கிறார். முகப்பை மாற்றும் திட்டத்தையும் விடவில்லை. இப்போது எதை முதலில் செய்வது?

இசை

தாராளமாகக் கேளுங்கள். சோதனை முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், வாய்ஸ்ஓவரிலும் என்விடிஏவிலும் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

மாறன்

கயல், பேசாமல் இருந்தீர்களே, அதுதான் பெரிய விஷயம். நடுவில் 'இன்னும் கீழே போங்கள்' என்று சொல்லியிருந்தால் உங்கள் நூலகத்துக்கு இந்த உண்மை தெரியாமலே போயிருக்கும்.

மேலதிகாரிக்கு அறிக்கை எழுத வேண்டாம். அந்த ஆசிரியை சம்மதித்தால், போனைப் பைக்குள் வைக்கும் வரையான அந்த ரெக்கார்டிங் துண்டை மட்டும் காட்டுங்கள். அடுத்த சுற்றில் ஒருவரைப் பார்க்க மேலதிகாரியையே உட்காரச் சொன்னால் இன்னும் நல்லது. பேசக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. எண் வேண்டும் என்று அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: மூன்றாவது பக்கத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர், நான்காவதை அடைந்தவர்கள் எத்தனை பேர், போனிலும் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக. எங்கே ஒழுகுகிறது என்பதற்கு அந்த எண் சாட்சி, ஏன் என்பதற்கு நீங்கள் பார்த்த ஐந்து பேர் சாட்சி. இரண்டும் ஒரே பட்டனைக் காட்டும்போது ஐந்து பேர் போதுமா என்ற கேள்விக்கு இடமில்லை.

திருத்தத்தைச் சின்னதாக வையுங்கள். டிக்கை எடுத்துவிடுங்கள். தலைப்பில் இன்னும் ஒரு படி பாக்கி என்பதைச் சொல்லுங்கள். பட்டனை விவரங்களுக்கு நேர் கீழே கொண்டுவந்து விதிகளை அதற்கு அப்பால் தள்ளுங்கள். உறுப்பினர் எண்ணில் கோடோ இடைவெளியோ வந்தால் நிரலே நீக்கிக்கொள்ளட்டும், அட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே அடித்தவரைத் தவறு என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இந்த நான்கும் ஓரிரு நாள் வேலைதான். நேரலையில் போடுவதற்கு முன் புதுப் பக்கத்தைப் போன் அளவில் ஒரு படமாக்கி, இதுவரை பார்க்காத ஆட்களிடம் காட்டி 'இப்போது உங்கள் வேலை முடிந்ததா?' என்று கேளுங்கள். தயங்காமல் 'இன்னும் இல்லை' என்று வந்தால் போடலாம்.

முகப்பை மாற்றுவதை இதோடு சேர்த்து வெளியிட விடாதீர்கள். ஒரே நாளில் இரண்டும் மாறினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. நான்கு படிகளையும் ஒரே பக்கமாக்கும் யோசனையும் இப்போதைக்குக் காத்திருக்கட்டும், படிகளின் எண்ணிக்கையால் யாரும் திணறியதாக நீங்கள் எழுதவில்லையே.

செந்தில்

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னும் பின்னும் ஒப்பிடும்போது முழு வாரங்களாக எடுங்கள், விடுமுறைக் காலத்தையும் சாதாரண வாரத்தையும் கலக்காதீர்கள். போனில் மூன்றிலிருந்து நான்காவது பக்கத்துக்குப் போகிறவர்களின் விகிதம்தான் நீங்கள் பார்க்க வேண்டிய எண். கூடவே மேசைக்கு வரும் அந்தப் போன் அழைப்புகளையும் எண்ணுங்கள். விகிதம் ஏறி, அழைப்புகள் குறையாமல் இருந்தால் இன்னொரு இடத்திலும் ஏதோ இருக்கிறது. பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் எஸ்யூஎஸ் கேள்வித்தாளைச் சிலர் சொல்வார்கள், 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய பத்து வாக்கியங்கள், நூற்றுக்கு மதிப்பெண், சராசரி 68 என்று கொள்வார்கள். நல்ல கருவி, ஆனால் ஐந்து பேரிடம் வாங்கிய மதிப்பெண்ணை முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை நிறையப் பேரிடம் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. மூன்றாவது பக்கம் வரை வந்து நின்ற பழைய முன்பதிவுகள் டேட்டாபேஸில் அரைகுறையாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா? இருந்தால் அந்த உறுப்பினர்கள் இன்னும் மெசேஜ் வரும் என்றே இருப்பார்கள்.

கயல்

இருக்கின்றன. இரண்டாவது படி முடிந்ததுமே 'நிலுவை' என்று ஒரு வரி விழுகிறது, முப்பது நாள் கழித்துத்தான் தானாக அழிகிறது. இப்போதே பார்த்தேன், எல்லாவற்றிலும் புத்தகம், கிளை, உறுப்பினர் எண் இருக்கின்றன. நாளைக்கு அழிக்கும் நிரலை நிறுத்தி வைத்துவிட்டுப் பட்டியல் எடுக்கிறேன். 'உங்கள் முன்பதிவு இன்னும் முடியவில்லை, வேண்டுமானால் இங்கே உறுதி செய்யுங்கள்' என்று ஒரு செய்தி அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அந்த வாசகத்தை அனுப்புவதற்கு முன் நாளை காலை மேசைக்கு வருகிறவர்கள் சிலரிடம் காட்டி, என்ன செய்யச் சொல்கிறது என்று புரிகிறதா என்று கேட்டுவிடுகிறேன்.